வட்டத்துக்குள் வந்த பெண்கள்

கொங்கு நாட்டில் ஒரு தலைமுறைக்கு முன்புவரை வள்ளிக் கும்மி பெரும்பாலும் ஆம்பளைகள் சமாச்சாரம். காட்டு வேலை ஓய்ந்த ராத்திரிகளில் வேட்டியை மடித்துக் கட்டி, காலில் சலங்கை மாட்டிக்கொண்டு கோயில் முன்னால் கூடுவார்கள். வாத்தியார் ஓரடி பாட, வட்டத்தில் நிற்பவர்கள் அதையே திருப்பிப் பாடி அடி வைப்பார்கள். நம்பிராஜன் வள்ளியைக் கண்டெடுப்பது, தினைப்புனக் காவல், முருகன் போடும் வேடன் வேஷம், கிழவன் வேஷம், யானையாக வந்து மிரட்டும் பிள்ளையார் என்று கதை நகர்ந்து கல்யாணத்தில் வந்து நிற்க மணிக்கணக்காகும். ஓரத்தில் உட்கார்ந்து பார்த்த பெண்களுக்கும் பாட்டு மனப்பாடம்தான், ஆடத்தான் இடமில்லை.

அப்புறம் டிவி வந்தது, பனியன் கம்பெனி ஷிப்ட் வந்தது. ஆட்டம் சில வாத்தியார்களிடம் மட்டும் தங்கியது. அவர்களில் ஒருவரான மேட்டுப்பாளையம் எம்.பத்திரப்பன் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தார். 2024-இல், 87 வயதில், அவருக்கு பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

இன்று கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் அரங்கேற்றம் என்றால் ஒரே நிறச் சேலையில் வரிசை வரிசையாகப் பெண்கள். 2024-இல் பெருந்துறையில் ஏறக்குறைய 16,000 பேர் ஒரே நேரத்தில் ஆடினார்கள். எனக்கு அந்த எண்ணிக்கையைவிடப் பயிற்சி மைதானம்தான் பிடிக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைக்கு முன்னால் அவள் அம்மா, பின்னால் அவள் அப்பத்தா. குனிந்து கொட்டி, நிமிர்ந்து கொட்டி, பக்கவாட்டில் திரும்பும் இடத்தில் அப்பத்தா மட்டும் எதிர்ப்பக்கம் திரும்பி இடித்துக்கொள்வார். "இந்தப் பக்கம் ஆத்தா!" என்று பேத்தி கத்த, வரிசையே கலைந்து சிரிக்கும். வாத்தியார் முறைத்துவிட்டு முதலடியிலிருந்து மறுபடி தொடங்குவார். முழங்கால் வலி என்று வீட்டில் முனகியவர்கள்தான் பாட்டு வேகமெடுக்கும்போது முன்வரிசைக்கு வருகிறார்கள்.

நெருடலும் உண்டு. ஓர் அரங்கேற்ற மேடையில், சொந்தச் சாதியில்தான் கட்டிக்கொள்வோம் என்று பெண்பிள்ளைகளிடம் சத்தியம் வாங்கிய காணொளி ஊரெல்லாம் சுற்றியது. குறவர் மகளைத் தேடிப் போய்க் காதலித்த முருகன் கதையைப் பாடிய வாயாலேயே இந்தச் சத்தியம்! நல்லவேளை, ஆட வருகிற பெண்கள் பலருக்கு அக்கறையெல்லாம் வேறு. வேலை முடிந்து வந்து, அடுப்பை அணைத்துவிட்டு, "இன்னைக்கு யானை வர்ற அடி சொல்லித் தர்றாங்க" என்று பக்கத்து வீட்டு அக்காவையும் கூட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள்.