புறணியும் அகணியும்: ஒரு நார்க்கட்டிலின் பின்கட்டு

சத்தியமாகச் சொல்கிறேன், கட்டில் பின்னுவதை ஒரு முழு நாள் வாய் பிளந்து பார்ப்பேன் என்று பஸ் ஏறும்போது நினைக்கவே இல்லை.

உப்பூரில் இறங்குகிறவர்கள் நேரே போவது வெயிலுகந்த விநாயகரிடம். கருவறைக்குக் கூரை வேண்டாமென்று வெயிலை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளையார். நான் போனது ஒரு வேப்பமரத்தடிக்கு. நாலு காலும் நாலு சட்டமும் பூட்டி, நடுவில் வெறும் மணல் தெரிய நின்றது ஒரு கட்டில். பக்கத்து அண்டாவில் பனைநார் ஊறிக்கொண்டிருந்தது.

"தொட்டுப் பாருங்க தம்பி" என்றார் பின்னுகிற ஐயா. விலாங்கு மாதிரி வழுக்கியது! பிள்ளையாருக்கு உகந்த வெயில் நாருக்கு ஆகாதாம். காய்ந்த நாரை மடக்கினால் ஒடியும். அதனால் ஊறியதை ஈரச்சாக்கில் சுற்றி வைத்து, வேண்டும்போது ஒவ்வொன்றாக உருவுகிறார்.

பின்னலைவிட எனக்கு உரிப்புதான் பெரிய வேடிக்கை. பனைமட்டையின் இரண்டு ஓரமும் ரம்பப் பல்லாக இருக்கும் கருக்கு. முதலில் அதைச் சீவித் தள்ள வேண்டும். (நானும் சீவுகிறேன் என்று அரிவாளை வாங்கி, இரண்டாவது மட்டையிலேயே கட்டைவிரலைக் கிழித்துக்கொண்டேன். மஞ்சள்தூள் வந்தது, கூடவே கேலியும்.) அப்புறம் நுனியில் ஒரு கீறல், ஓர் இழுப்பு. சர்ர்ர்! முழு நீளத்துக்கும் உரிந்து வருகிறது. வெளிப்பக்கத்து நார் புறணி, உட்பக்கத்து நார் அகணி. ஊர்க்கதையெல்லாம் நார்க்கட்டிலில் உட்கார்ந்து பேசிப் பேசித்தான் அதற்கும் புறணி என்று பெயர் வந்ததோ? பண்டிதர்கள் அடிக்க வரலாம். நான் நம்பத் தயார்.

நீளவாக்கில் ஓட்டிய நாருக்குள் குறுக்கு நார் நுழைகிறது. ரெண்டு மேலே, ரெண்டு கீழே. அடுத்த வரியில் ஒன்று தள்ளி. வரைபடம், பென்சில், அளவுகோல் எதுவும் கிடையாது. திடீரென்று பார்த்தால் நடுவில் ஒரு சாய்சதுரம் முளைத்திருக்கிறது! "கணக்குத் தப்பினா?" என்று கேட்டு வாய் மூடவில்லை, தப்பியே விட்டது. ஐயா ஒன்றும் பேசாமல் எட்டு வரியைப் பிரித்தார். என் வாய்தான் காரணமென்று அவர் பார்வை சொன்னது.

14-ஆம் நூற்றாண்டில் இலங்கையிலிருந்து கப்பலேறி மாபார் என்ற நம் கரைப்பக்கம் வந்து சேர்ந்த இபன் பதூதாவும் இந்தியக் கட்டிலில் மயங்கியவர்தான். ஒரே ஆள் தூக்கிவிடலாம், பின்னலே மெத்தை என்று வியந்து எழுதி வைத்தார். 2017-ல் ஆஸ்திரேலியாவில் ஒருவர் கயிற்றுக் கட்டிலுக்கு 990 டாலர் விலை போட, நம்மவர்கள் செல்போனில் அதைச் சுற்றவிட்டுச் சிரித்தார்கள். ஐயாவிடம் சொன்னேன். "கால் தேக்கா?" என்று மட்டும் கேட்டார்.

பனை 1978-லிருந்து நம் மாநில மரம். மரத்தை வெட்டத்தான் கலெக்டர் அனுமதி வேண்டும். மட்டையை வெட்ட யாரையும் கேட்க வேண்டாம். மரம் நிற்கும், கட்டில் கிடைக்கும்.

சாயங்காலம் கடைசி முடிச்சு விழுந்தது. விரலால் சுண்டினார்; பறை மாதிரி ஒரு சத்தம். எனக்குப் பொறுக்கவில்லை, ஏறிப் படுத்துவிட்டேன். முதுகுக்கடியில் சில்லென்ற ஈரம், பச்சை மட்டை வாசனை, மேலே வேப்பங்கிளை. கண் சொக்குகிற நேரம் பார்த்து அப்பத்தா தலையணையோடு வந்து நின்றார்.

"எந்திரிப்பா. காசு குடுத்தது நானு."