மெட்ரோவை நம்பி கடை பிடிக்கலாமா?

மாதவரத்தில் மெட்ரோ ரயில் வருகிறதே, இப்போதே அட்வான்ஸ் கொடுத்துக் கடை பிடிக்கலாமா என்று பெரியபாளையம் வணிகர்கள் சிலர் கேட்கிறார்கள். செங்குன்றம் வழியாகச் சரக்கெடுக்கப் போகும் நமக்கு அது வழியிலேயே இருப்பதால் ஆசை வருவது இயல்பு.

முதல் கட்டத்தின் கணக்கைப் பாருங்கள். வேலை தொடங்கியது 2009-ல். தூண்கள் மேல் ஓடும் கோயம்பேடு – ஆலந்தூர் பகுதி 2015 ஜூன் 29-ல் திறக்கப்பட்டது. திருமங்கலம் – நேரு பூங்கா சுரங்கப் பாதை 2017 மே மாதம். நம்மவர் அதிகம் போகும் மண்ணடி, ஐகோர்ட் நிலையங்கள் 2019 பிப்ரவரி 10-ல்தான். மவுண்ட் ரோட்டில் சுரங்க வேலை பாதியில் நின்று, மறு டெண்டர் விட வேண்டியிருந்தது.

ஆகவே தடம் மொத்தமாகத் திறப்பதில்லை. தூண் பகுதி முந்தும், சுரங்கம் பிந்தும். மாதவரம் பால்பண்ணையில் வருவது சுரங்கம். அங்கே துளையிடும் இயந்திரம் இறங்கியதே 2022 அக்டோபரில்.

பாரிமுனைப் பக்கம் என் மைத்துனர் கடை வாசலில் தகரத் தடுப்பு வைத்தார்கள். லாரி நிற்க இடமில்லை, மூட்டையைத் தெருமுனையிலிருந்து தலைச்சுமையாகவே கொண்டு வந்தார். தடுப்பு போயிற்று, பழைய வாடிக்கை பாதிதான் திரும்பியது. ரயிலில் வருபவரும் கைப்பை அளவுக்குத்தான் வாங்குவார். மிளகாய் மூட்டை மெட்ரோவில் ஏறாது.

கடை பிடித்தே தீருவதென்றால், தடுப்பு நிற்கும் மாதங்களுக்கு வாடகை குறைப்பு என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.