பந்தை லாரிக்கு அடியில் போட்டது யார்?

எப்போதோ படித்த ஒரு கதை நன்றாக ஞாபகம் இருக்கும். ஆனால், புத்தகத்தின் பெயர் மட்டும் எவ்வளவு யோசித்தாலும் வராது. உங்களுக்கு இப்படி நடந்திருக்கிறதா? எனக்கு அப்படி ஒரு புத்தகம் ரொம்ப வருஷமாக ஆட்டம் காட்டிக் கொண்டிருந்தது.

1986-ல் எனக்கு எட்டு வயது. பொன்னுக்கு வீங்கி வந்து, இரண்டு கன்னமும் பன் மாதிரி உப்பிவிட்டது. பள்ளிக்கூடத்துக்கு லீவு! அப்பா, கிளை நூலகத்திலிருந்து ஒரு புத்தகம் எடுத்து வந்து, தினமும் ராத்திரி ஒரு கதை வாசித்துக் காட்டினார்.

ஒரு கதையில், சிறுவன் ஒருவனுக்கு அழகான பந்து பரிசாகக் கிடைக்கும். 'இதன் மேல் வண்டி ஏறினால் என்ன ஆகும்?' என்று பார்க்க, சக்கரத்துக்கு அடியில் தள்ளி விடுவான். டமால்!

இன்னொரு கதையில், பெரியவனானதும் என்ன வேலைக்குப் போகலாம் என்று யோசிப்பான். முதலில் ராத்திரி காவல்காரன். ஊரே தூங்கும்போது தான் மட்டும் விழித்திருக்கலாமே! அப்புறம் ஐஸ்கிரீம் விற்பவன்; விற்கலாம், தின்னவும் செய்யலாம். இப்படியே மாறி மாறி, நாயாகி விடுவது என்று முடிவு செய்வான். நாலு காலில் ஓடுவான், குரைப்பான். எல்லாம் வந்துவிடும், ஒன்றைத் தவிர. காலைத் தூக்கிக் காதுக்குப் பின்னால் சொறிந்து கொள்ள வராது! அதைக் கற்றுக் கொள்ள ஒரு நாயின் பக்கத்தில் போய் உட்காருவான்...

"மீதி நாளைக்கு" என்று அப்பா விளக்கை அணைத்து விட்டார். மறுநாள் அம்மா, "இன்னிக்குத்தான் கடைசித் தேதி. அபராதம் போட்டுடுவாங்க" என்று புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்து விட்டார். போச்சா!

சென்ற வருடம் அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தது. கொஞ்ச நாள் படிக்க முடியாமல் தவித்தார். "நான் உனக்கு வாசிச்சேனே, ஒரு பையன் நாயாகப் பார்ப்பானே... அதை நீ இப்ப எனக்கு வாசியேன்" என்றார். பெயர் அவருக்கும் ஞாபகம் இல்லை.

வீட்டில் விசாரணையைத் தொடங்கினேன். பந்து ஏறியது லாரியில் என்றேன் நான். பஸ் என்றார் அப்பா. தம்பியோ ரயில் என்று சத்தியமே செய்தான். அட்டை சிவப்பு என்றேன், பச்சை என்றார்கள். பந்து வெடித்ததிலும், நாய்க் கதையிலும் மட்டும் மூன்று பேரும் ஒன்று. இதில் ஒரு வேடிக்கை, பந்தைப் போட்டது என் அப்பாதான் என்றே நான் பல வருஷம் நம்பிக் கொண்டிருந்தேன். நண்பர்களிடமும் சொல்லியிருக்கிறேன். "நான் எப்படா லாரிக்கு அடியில பந்தைப் போட்டேன்?" என்று அப்பா சிரித்தார்.

நூலகப் பட்டியலில் ஆசிரியர் பெயரை வைத்துத் தேடலாம், தலைப்பை வைத்துத் தேடலாம். இரண்டும் தெரியாவிட்டால்? நூலகரிடம்தான் போக வேண்டும். சீர்காழியில் 1892-ல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் என்பவரைத் தெரியுமா? கணித ஆசிரியராக இருந்து, 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர். நூலகங்களுக்கு ஐந்து விதிகள் வகுத்து, 1931-ல் புத்தகமாக வெளியிட்டார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய புத்தகம் கிடைக்க வேண்டும் என்பது அதில் இரண்டாவது விதி. ஆகவே, கேட்பதற்குக் கூச்சமே வேண்டாம்!

நான் "சிவப்பு அட்டைப் புத்தகம்" என்றதும் நூலகர் சிரித்தார். "அது ஒரு பீரோ நிறைய இருக்கு சார். தாள் எப்படி இருந்துச்சு? விலை?" என்று கேட்டார். நல்ல தடித்த தாள், அழகான படங்கள், ஆனால் விலை ரொம்பக் குறைவு. ஊர்ப் பெயரைப் படிக்கும்போது மட்டும் அப்பாவின் நாக்கு சுளுக்கிக் கொள்ளும்.

"அப்ப அது மாஸ்கோ புத்தகம்" என்றார்.

அந்தக் காலத்தில் சோவியத் நாட்டின் தலைநகரான மாஸ்கோவிலேயே தமிழ்ப் புத்தகங்கள் அச்சாகின. அங்கே போய்த் தங்கி மொழிபெயர்த்த தமிழர்கள் இருந்தார்கள். முன்னேற்றப் பதிப்பகம், ராதுகா ஆகியவை வெளியிட, இங்கே நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் விற்றது. 1991-ல் சோவியத் ஒன்றியம் கலைந்ததோடு அந்த வரத்து நின்று போனது.

"பையன் பேர் என்ன?" என்றார் நூலகர்.

யோசித்தேன். "பேரே இல்லை சார். அப்பா, அப்பான்னுதான் வரும்."

அவ்வளவுதான், நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "பேரைத்தான் நீங்களே சொல்லிட்டீங்களே!"

'அப்பா சிறுவனாக இருந்தபோது'. எழுதியவர் அலெக்சாண்டர் ரஸ்கின். ரஷ்ய மொழியில் 1961-ல் வந்தது. அவருடைய மகளுக்குச் சின்ன வயதில் அடிக்கடி உடம்புக்கு முடியாமல் போகும். காதுவலியால் அவள் அழுதபோது, தனக்குச் சிறு வயதில் காது வலித்ததைக் கதையாகச் சொன்னாராம். அப்படிச் சொல்லிச் சொல்லிச் சேர்ந்ததுதான் இந்தப் புத்தகம். அதில் பையனுக்குப் பெயர் கிடையாது, அவன் 'அப்பா'தான். கன்னம் வீங்கிப் படுத்திருந்த நான், அதை என் அப்பா என்று நினைத்ததில் தப்பு உண்டா, சொல்லுங்கள்? நாக்கைச் சுளுக்க வைத்த அந்த ஊர் பாவ்லோவோ-பொசாத். மாஸ்கோவுக்குக் கிழக்கே நிஜமாகவே இருக்கிறது!

அன்று ராத்திரி அப்பாவின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தேன். பந்தின் மேல் ஏறியது லாரியும் இல்லை, பஸ்ஸும் இல்லை, கார்! தம்பிக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவன் இன்னும் ரயில் என்றுதான் சொல்கிறான்.

நாய்க் கதை வந்ததும் அப்பா கண்ணை மூடிக் கொண்டு, "எங்கே நிறுத்தினேன்? நாய் பக்கத்துல உட்கார்ந்தான்ல?" என்றார். ஆமாம் குட்டீஸ், உட்கார்ந்தான். அப்போது அந்த வழியாக ஒருவர் வருகிறார். அவனைப் பார்த்துவிட்டு, என்ன செய்கிறாய் என்று விசாரிக்கிறார். பையன் பதில் சொல்கிறான். அதற்கு அவர்...

ம்ஹூம், சொல்ல மாட்டேன்! உங்கள் ஊர் நூலகரிடம் கேளுங்கள். பெயர்தான் இப்போது உங்களுக்குத் தெரியுமே!