கப்பி மீனின் நிறப் பரம்பரை

கண்ணாடித் தொட்டியிலே வளர்க்கப்படும் மீனினங்கள் பலவற்றுள்ளும் கப்பி என்னுஞ் சிறு மீன் எளியார்க்கும் எட்டுவதாய், சிறுவர் முதலாக முதியோர் ஈறாக யாவரும் விரும்பி வளர்ப்பதாய் விளங்குகின்றது. ஆண் மீன் ஏறக்குறைய மூன்று சதமமீற்றர் நீளத்தது. பெண் அதனினும் பெரிது, சிலவேளை இருமடங்கும் ஆகும். ஆணின் உடலிலே செம்மையும் நீலமும் பசுமையும் கருமையும் கலந்து தோன்ற, வாற்செட்டை விசிறிபோல் விரிந்து அசையும். பெண்ணோ பெரும்பாலும் சாம்பல் நிறத்ததாய்க் காண்போர் கண்ணைக் கவராது அமைவது. இவ்வேறுபாட்டைக் கண்டோர், நிறமெல்லாம் தந்தையின் உடைமை, தாய் குஞ்சைச் சுமப்பதற்கு மாத்திரமே உரியவள் என எண்ணுதல் இயல்பே. அவ்வெண்ணமே வளர்ப்போர் பலரை ஏமாற்றுகின்றது. மிகுந்த விலை கொடுத்து வாங்கிய அழகிய ஆணைக் கையிற் கிடைத்த ஒரு பெண்ணுடன் விட்டு, ஓரிரு தலைமுறையில் அவ்வழகு சிதைந்து போதலைக் கண்டு, விற்றவனை நொந்துகொள்வார் பலர். பிழை பெரும்பாலும் விற்றவனிடத்து இல்லை. நிறங்காட்டாத அப்பெண்ணை எண்ணிப் பாராமையிலேயே உள்ளது.

இம்மீனின் தாயகம் திரினிடாட் தீவும் வெனிசுவேலா முதலிய தென்னமெரிக்க வடபகுதிகளும் ஆகும். 1859ஆம் ஆண்டில் வில்லெம் பீற்றர்சு என்னும் யேர்மானிய விலங்கியலார் வெனிசுவேலாவிலிருந்து கிடைத்த மீன்களைக் கொண்டு இதனைப் பொசீலியா இரெற்றிக்குலாற்றா எனப் பெயரிட்டு விவரித்தார். திரினிடாட்டிலே வாழ்ந்த இரொபேட்டு யோன் இலெச்மியர் கப்பி என்பார் அனுப்பிய மீன்களைப் பிரித்தானிய நூதனசாலையில் ஆராய்ந்த அல்பேட்டு குந்தர், அஃது ஏற்கெனவே பெயர்பெற்ற இனம் என அறியாது, 1866இல் அனுப்பியவர் பெயராலேயே அதனை வழங்கினார். அறிவியல் முறைமைப்படி முந்திய பெயரே நிலைத்தது. ஆயினும் மக்கள் நாவிலே நின்றது பிந்திய பெயரே.

நிறம் தந்தையினின்று மைந்தனுக்கு எவ்வாறு செல்கின்றது என்பதை முதன்முதல் வெளிப்படுத்திய பெருமை கோப்பனேகனிலுள்ள காள்சுபேக் ஆய்வுகூடத்திற்கு உரியது. அங்கு யோகான்னசு சிமித் என்பவர், முதுகுச் செட்டையிலே பெரிய கரும்புள்ளியுடைய ஆண்களைக் கொண்ட ஒரு கப்பிக் குலத்தையும் அப்புள்ளியில்லாத வேறொரு குலத்தையும் கலந்து வளர்த்தார். புள்ளியுடைய தந்தைக்குப் பிறந்த ஆண்கள் யாவும், தாய் எக்குலத்தவளாயினும், புள்ளியுடையனவாயின. அத்தந்தையின் பெண்மக்களைப் புள்ளியில்லா ஆண்களுடன் சேர்த்தபோதோ, பிறந்த ஆண்களுள் ஒன்றேனும் புள்ளி பெற்றிலது. 1920இல் வெளிவந்த இம்முடிபிற்கு, ஓய்விண்ட் விங்கே என்பார் 1922இல் விளக்கங் கண்டார். கப்பியின் நிறமூர்த்தங்கள் இருபத்துமூன்று சோடியின. அவற்றுள் ஒரு சோடி பாலைத் தீர்மானிப்பது; பெண்ணிடத்து இரண்டும் எக்சு ஆகவும், ஆணிடத்து ஒன்று எக்சு, மற்றொன்று வை ஆகவும் அமைவது. கரும்புள்ளிக்குரிய பரம்பரையலகு வை நிறமூர்த்தத்தின் மீது இருத்தலால், அது வழிவழியாக ஆண்மக்களையே சென்றடைகின்றது. ஒரு குடும்பத்தின் பெயர் தந்தைவழியே செல்லுதல் போன்றது இது எனலாம்.

இம்மட்டோடு நின்றிருப்பின், தாய் வெறுங்கலமே என்போர் கூற்று மெய்யாகிவிடும். ஆயின் விங்கேயின் ஆய்வு அங்கு நிற்கவில்லை. எக்சு நிறமூர்த்தத்திலும் நிறத்திற்குரிய அலகுகள் பல உள எனவும், எக்சும் வையும் அரிதாகத் தம்முட் பகுதிகளை மாற்றிக்கொள்ளும் எனவும் அவர் காட்டினார். தந்தையின் எக்சு மைந்தனைச் சேர்வதில்லை, மகளையே சேரும். மகள் அதனைத் தன் உடலில் வெளிக்காட்டாமலே சுமந்து, தன் ஆண்மக்களுட் பாதிப்பேருக்கு வழங்குவாள். பாட்டனின் வாலழகு மைந்தரிடம் மறைந்து பேரரிடம் மீளத் தோன்றும் விந்தையின் காரணம் இதுவே. பெண்ணிடத்து அந்நிறம் இல்லாமற் போகவில்லை, வெளிப்படாமலே இருக்கின்றது என்பதற்குச் சான்றும் உண்டு. ஆணுக்குரிய ஓமோனை ஊட்டிய பெண்களின் உடலிலே மறைந்திருந்த நிறங்கள் தோன்றுதலை ஆய்வாளர் கண்டுள்ளனர். சில வணிகர் இதனைக் கொண்டே நிறமூட்டிய பெண்களை விற்பதுண்டு. அவை மலடாதல் கூடும் என்பதை வாங்குவோர் அறிதல் நன்று. இவையன்றிப் பொன்னிறம் முதலிய உடலின் அடிநிறங்கள் பால்சாராத நிறமூர்த்தங்களிலே பின்னிடைவாக உள்ளன. அவற்றை மறைவாகக் கொண்ட இரு பெற்றோர்க்குப் பிறக்குங் குஞ்சுகளில் நான்கில் ஒன்றே அந்நிறம் பெறும்.

இவ்வுண்மைகளை மனத்திற் கொண்டால், தேர்ந்து இனம்பெருக்கும் முறை தானே விளங்கும். அழகிய ஆணுக்கு அதன் குலத்திலேயே பிறந்த பெண்ணையே துணையாக்கல் வேண்டும். பெண்ணின் தகுதியை அதன் உடலிற் காணவியலாது. அதன் உடன்பிறந்த ஆண்களையும், பின்னர் அது ஈன்ற ஆண்களையும் நோக்கியே அறிதல் வேண்டும். ஆகவே ஒவ்வோர் ஈற்றையும் தனித்தனித் தொட்டியில் வைத்து, பெற்றோர் யாவர், எந்நாளில் ஈன்றது, ஆண்கள் எத்தகையன என ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்தல் இன்றியமையாதது. குறிப்பேடில்லாத வளர்ப்பாளன் எத்துணை அழகிய மீன் வைத்திருப்பினும், அவன் பெற்றது தற்செயற் பேறே.

இன்னும் ஓர் இடர் உண்டு. கப்பி குட்டியீனும் மீன். ஏறக்குறைய நான்கு கிழமைக்கு ஒருமுறை, இளந்தாய் சிலவாகவும் முதிர்ந்த தாய் ஐம்பதும் அதற்கு மேலுமாகவும் ஈனும். ஒருமுறை சேர்ந்த பெண் ஆணின் விந்தைத் தன்னுட் பல மாதங்கள் பேணிவைத்துப் பல ஈற்றுக்குப் பயன்படுத்த வல்லது. கடையிலே ஆண்களுடன் ஒருங்கே நீந்திய பெண்ணை வாங்கிவருவோன், தானறியாத ஒரு தந்தையின் வழித்தோன்றல்களையும் உடன் வாங்கிவருகின்றான். எனவே கன்னிப் பெண்களைப் பெறுதலே வளர்ப்பாளனின் முதன்மையான கவலை. பிறந்து மூன்று நான்கு கிழமைக்குள், ஆணின் குதச்செட்டை கூர்மையாகிப் புணருறுப்பாக மாறத் தொடங்கும். பெண்ணின் வயிற்றடியில் கருநிறப் பொட்டுத் தென்படும். அப்பொழுதே இருபாலாரையும் பிரித்தல் வேண்டும். ஒரேயொரு ஆண் கண்ணுக்குத் தப்பி அங்கு நின்றுவிடின், அத்தொட்டியிலுள்ள பெண்கள் யாவற்றின் வழிமுறையும் ஐயத்துக்குரியதாகி, பல மாத உழைப்பு வீணாகும்.

தொட்டி அமைத்தல் அரிதன்று. இருபத்துநான்கு முதல் இருபத்தெட்டுப் பாகை செல்சியசு வெப்பநிலை இதற்கு ஏற்றதாதலின், நம் நாட்டுத் தாழ்நிலங்களிலே வெப்பமூட்டுங் கருவி வேண்டப்படுவதில்லை. சற்று வன்மையான நீரையே கப்பி விரும்பும். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்துக் கிணற்று நீர், தேநீருக்கு எத்தகையதாயினும், கப்பிக்கு உவப்பானதே. குழாய்நீராயின் குளோரீன் நீங்க ஒரு நாள் திறந்து வைத்தல் வேண்டும். தாய் தன் குஞ்சையே உண்ணும் இயல்பினதாதலின், அவை ஒளிந்துகொள்ள வேலம்பாசி போன்ற நீர்த்தாவரங்களை அடர்த்தியாக இடுக. உணவுக்கு நுளம்புக் குடம்பி மிக நன்று. செம்மஞ்சள் நிறத்திற்கு ஏதுவான கரற்றினொயிட்டுகளை மீன் தானே ஆக்கிக்கொள்ளாது. அல்கா முதலிய உணவிலிருந்தே பெறும். அதனால் நல்ல குலத்து ஆணும் உணவு குன்றின் வெளிறித் தோன்றும். அதனைக் குலத்தின் குறையெனக் கருதிக் கழித்துவிடுதல் தவறு.

தொட்டியில் மனிதன் செய்யுந் தேர்வை ஓடையிலே செய்வன இரண்டு. ஒன்று பெண் மீன். அது செம்மஞ்சட் புள்ளி மிக்க ஆணையே பெரிதும் நாடும். மற்றொன்று பகைமீன், அது கண்ணிற் பளிச்சிடும் ஆணையே முதலில் விழுங்கும். திரினிடாட் மலையோடைகளில், அருவிக்கு மேலே பெரும் பகைமீன் ஏறமாட்டாத இடத்து ஆண்கள் ஒளிமிக்கனவாகவும், கீழே மங்கியனவாகவும் உள்ளன. யோன் எண்ட்லர் என்னும் உயிரியலார் 1976இல், பகைமீன் மிக்க பகுதியிலிருந்து கப்பிகளை எடுத்து, கப்பியே இல்லாததும் பெரும் பகைமீன் அற்றதுமான கிளையோடையொன்றில் விட்டார். இரண்டாண்டுக்குள் அவற்றின் வழித்தோன்றல்கள் புள்ளிகள் மிகுந்து ஒளிபெற்றன. 1980இல் வெளியான இவ்வாய்வு, இயற்கைத் தேர்வைக் கண்ணெதிரே காட்டிய சான்றுகளுள் ஒன்றாகப் போற்றப்படுகின்றது. கண்ணாடித் தொட்டியிலோ பகைமீனும் இல்லை. பெண்ணுக்கு விருப்பத்திற்கு இடமும் இல்லை. தேர்வு முழுவதும் மனிதன் கையது.

அதன் விளைவு எப்பொழுதும் மீனுக்கு நன்மையாக முடிவதில்லை. வாலின் பாரத்தால் நீந்த இயலாது தொட்டியின் அடியிலே கிடக்கும் ஆண்கள் அரியனவல்ல. ரிபன் எனப்படும் வகையிலே செட்டைகள் யாவும் நாடாப்போல் நீளும். உடன் நீளும் புணருறுப்போ தன் தொழிலுக்கு உதவாததாகின்றது. பரிசுக்குரிய அவ்வாண் தந்தையாகவே மாட்டாது. அக்குலத்தை நிலைநிறுத்துவது, காட்சிக்கு வைக்கப்படாத குறுஞ்செட்டைச் சகோதரனும் நீள்செட்டைப் பெண்ணுமே. மேலும், உடன்பிறந்தாரையே தொடர்ந்து சேர்ப்பின் உடல் சிறுத்து, ஈற்று குறைந்து, நோய்க்கு எளிதில் இரையாகும். அதுபற்றியே தேர்ந்த வளர்ப்பாளர் ஒரே குலத்தை இரண்டு மூன்று கிளைகளாகப் பிரித்து வளர்த்து, சில தலைமுறைக்கு ஒருமுறை கிளைகளைத் தம்முட் கலப்பர்.

இலங்கையிலிருந்து வெளிநாடு செல்லும் நன்னீர் அலங்கார மீன்களுட் கப்பியே முதன்மையானது. ஆதலால் இத்தொழில் இங்குப் பல குடும்பங்களுக்கு வாழ்வளிக்கின்றது. தேர்வென்றால் கழிப்பும் உண்டு. ஓர் ஈற்றில் வைத்துக்கொள்ளத் தக்கன சிலவே. எஞ்சியவற்றை அருகிலுள்ள ஓடையிலோ குளத்திலோ ஊற்றிவிடுதல் பலரது வழக்கம். இஃது இரக்கம்போலத் தோன்றினும், நம் ஓடைகளுக்கேயுரிய சிறு மீன்களின் உணவையும் இடத்தையும் பறிப்பது. கழிந்தவற்றை மற்றொரு தொட்டியில் தனியே வளர்த்தலும், வளர்க்க விரும்புவார்க்குக் கொடுத்தலும், பெரிய மீன்களுக்கு இரையாக்கலும் ஏற்ற வழிகளாம். நுளம்பை ஒழித்தற்பொருட்டு முன்னர்க் கொணரப்பட்ட கப்பிகளின் வழித்தோன்றல்களும், தொட்டிகளிலிருந்து தப்பியவற்றின் வழித்தோன்றல்களும் கொழும்பின் வாய்க்கால்களிலே இன்றுங் கூட்டமாக நீந்துகின்றன. அங்கு ஆண்களைப் பிடித்து நோக்கின், விசிறி வாலைக் காண்பது அரிது. குறுகிய வாலும், பக்கத்திலே ஒன்றிரண்டு செம்புள்ளியும் ஒரு கரும்புள்ளியுமே காணப்படும்.