பச்சை குத்தும் கடைக்கு என்னென்ன லைசென்ஸ் வேண்டும்?

தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்து தோட்டப்புறங்களில் வாழ்ந்த நம் பாட்டிமார்கள் பலரின் முன்கையில் பச்சைக் கோலம் இருந்தது. ஊருக்கு வரும் குறத்தி குத்திவிட்டது. அவள் யாரிடமும் லைசென்ஸ் வாங்கவில்லை. அந்த ஊசி அன்றைக்கு எத்தனை பேர் கையைத் தொட்டது என்று யாரும் கேட்கவும் இல்லை.

அதே பச்சை இன்று 'டாட்டூ' என்ற பெயரில் கடைத்தெருவுக்கு வந்துவிட்டது. நன்றாகப் படம் வரையத் தெரிந்த நம் இளைஞர்கள் சிலர் இதைத் தொழிலாகச் செய்ய ஆசைப்படுகிறார்கள். ஆசை நல்லதுதான். ஆனால் காஜாங்கில் கடை பிடித்து, இரண்டு மாத முன்பணம் கட்டி, சுவருக்குச் சாயமும் பூசிவிட்டு, அதன் பிறகு லைசென்ஸ் கேட்டுப் போனால் என்ன ஆகும்? அந்த இடத்திற்கு அனுமதி கிடைக்காமல் போனால் சேமிப்பு முழுவதும் வீண்.

பெயர்ப் பதிவு லைசென்ஸ் ஆகாது

முதல் படி, மலேசிய நிறுவனங்கள் ஆணையத்தில் (எஸ்.எஸ்.எம்.) பதிவு செய்வது. 1956-ஆம் ஆண்டு வணிகப் பதிவுச் சட்டப்படி, தொழில் தொடங்கிய 30 நாட்களுக்குள் பதிந்தாக வேண்டும். குடிமக்களும் நிரந்தரவாசிகளும் மட்டுமே இதில் பதிய முடியும். அடையாளக் கார்டில் உள்ள சொந்தப் பெயரில் பதிந்தால் ஆண்டுக்கு 30 வெள்ளி, கடைக்கென்று தனிப் பெயர் வைத்தால் 60 வெள்ளி. இந்தச் சான்றிதழ் கைக்கு வந்ததுமே கடையைத் திறந்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது தொழிலின் பிறப்புப் பத்திரம் போன்றது. கடைக்கதவைத் திறக்கும் உரிமை வேறு இடத்தில் இருக்கிறது.

அந்த இடம் காஜாங் நகராண்மைக் கழகம். 1976-ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டத்தின் 107-ஆம் பிரிவுதான் வணிக லைசென்ஸ்களுக்கு அடிப்படை. அதன்படி நகராண்மைக் கழகம் தனக்குச் சரியென்று படும் நிபந்தனைகளை விதிக்கலாம். கொடுத்த லைசென்ஸைக் காரணம் சொல்லாமலே மீட்டுக்கொள்ளவும் செய்யலாம். அதற்கு நஷ்டஈடு கேட்க முடியாது. துணைச் சட்டங்களை மீறினால் 2,000 வெள்ளி வரை அபராதம், ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்க இடமிருக்கிறது.

ஆகவே வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே லைசென்ஸ் பிரிவுக்கு நேரில் சென்று மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். இந்தக் கடைவீட்டில் இந்தத் தொழிலை அனுமதிப்பீர்களா? எந்த வகையின் கீழ் விண்ணப்பிக்க வேண்டும்? தீயணைப்புத் துறையின் ஆதரவுக் கடிதம் தேவையா? உள்ளே சுவர் இடித்து மாற்றியமைப்பதாக இருந்தால் அதற்குத் தனி அனுமதி வேண்டும். பெயர்ப்பலகைக்கும் விளம்பர லைசென்ஸ் உண்டு. அதில் தேசியமொழி முதன்மையாகத் தெரிய வேண்டும். தமிழோ ஆங்கிலமோ அதைவிடச் சிறிய எழுத்தில் இருக்கலாம்.

சாத்தே கடைக்கு உள்ள விதி

காஜாங் என்றாலே சாத்தே. அங்கே சாத்தே வாட்டுபவர்கூட 2009-ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதிகளின்படி பயிற்சி பெற்று, டைபாய்டு தடுப்பூசியும் போட்டிருக்க வேண்டும். ஆனால் தோலைத் துளைத்து இரத்தம் வரவைக்கும் பச்சை குத்துபவருக்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் எதுவும் இல்லை. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 2012-ஆம் ஆண்டுச் சட்டப்படி கடைக்கு ஒரு லைசென்ஸ், ஊசி பிடிப்பவருக்கு இன்னொரு லைசென்ஸ். நியூயார்க் நகரம் ஹெப்படைட்டிஸ் பி பரவுவதைக் காரணம் காட்டி 1961-இல் இந்தத் தொழிலையே தடை செய்தது. 1997-இல்தான் தடை நீங்கியது.

அந்தப் பயத்தில் அர்த்தம் இருக்கிறது. ஹெப்படைட்டிஸ் பி கிருமி உடலுக்கு வெளியே ஏழு நாட்களாவது உயிரோடு இருக்கும். நம் நாட்டில் குழந்தைகளுக்கு இதற்கான தடுப்பூசி 1989 முதல்தான் போடப்படுகிறது. ஹெப்படைட்டிஸ் சி-க்குத் தடுப்பூசியே கிடையாது. எனவே சட்டம் கேட்காவிட்டாலும் கடைக்காரர் தாமே விதி போட்டுக்கொள்ள வேண்டும். ஒருவருக்குக் குத்திய ஊசியும் ஊற்றிய மையும் இன்னொருவருக்குக் கூடாது. திரும்பப் பயன்படுத்தும் கருவிகளை வெந்நீரில் போட்டு எடுத்தால் போதாது. 'ஆட்டோகிளேவ்' கருவியில் 121 பாகை செல்சியஸ் நீராவியில் குறைந்தது 15 நிமிடம் வைக்க வேண்டும். பயன்படுத்திய ஊசிகளைக் குப்பைத்தொட்டியில் வீசினால் குப்பை அள்ளும் தொழிலாளியின் கையில் குத்தும். கூர்முனைக் கழிவுப் பெட்டியில் சேர்த்து, அனுமதி பெற்ற நிறுவனத்திடம் ஒப்படைப்பதே முறை.

யாருக்கு, எதுவரை?

18 வயது நிரம்பாதவர் ஒப்புதல் பாரத்தில் கையெழுத்திட்டாலும் அது சட்டத்தில் செல்லாது. அடையாளக் கார்டைப் பார்த்த பிறகே நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும். இஸ்லாத்தில் நிரந்தரப் பச்சைக்குத் தடை இருப்பதால் முஸ்லிம் வாடிக்கையாளர்களை ஏற்காமல் இருப்பது நல்லது. குத்திய பச்சையை லேசர் கொண்டு அழிப்பது பதிவு பெற்ற மருத்துவரின் வேலை. வெளிநாட்டுக் கலைஞரைச் சுற்றுலாப் பயணியாக வரவழைத்து வேலை வாங்கினால் குடிநுழைவுத் துறை சும்மா இருக்காது.

அனுமதி இருக்கிறது என்பதாலேயே எல்லாம் செய்துவிட முடியாது என்பதற்கு 2019-இல் கோலாலம்பூரில் நடந்த டாட்டூ கண்காட்சி ஓர் உதாரணம். நிகழ்ச்சிக்கு அனுமதி இருந்தது. ஆனால் அரைநிர்வாணப் படங்கள் வெளியானதும், இதற்கு அனுமதி தரவில்லையே என்று சுற்றுலா அமைச்சு கண்டித்து விசாரணையில் இறங்கியது.

பெயர்ப் பதிவு, நகராண்மைக் கழக விசாரிப்பு, வாடகை ஒப்பந்தம், விண்ணப்பம், பெயர்ப்பலகை, லைசென்ஸ் கிடைத்த பிறகே திறப்புவிழா. இந்த வரிசை மாறாமல் நடந்தால் போட்ட முதல் பத்திரமாக இருக்கும். லைசென்ஸைச் சுவரில் மாட்டும்போது அதன் பக்கத்திலேயே சுத்த விதிகளையும் எழுதி மாட்டட்டும். உள்ளே வருபவர் தம் உடம்பை நம்பி ஒப்படைக்க அதுவும் வேண்டும்.