கரிசல் வெளியில் பருந்துக் கணக்கு

புரட்டாசி பிறந்து, சிவகாசி வட்டாரப் பட்டாசு ஆலைகளில் தீபாவளி வேலை மும்முரமாகும் நாட்களில், கஜகஸ்தானிலும் தெற்கு ரஷ்யாவிலும் பரந்து கிடக்கும் ஸ்டெப்பி என்னும் மரமற்ற புல்வெளிகளில் குஞ்சு பொரித்து முடித்த பூனைப்பருந்துகள் விருதுநகர், தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களின் கரிசல் காடுகளை நாடி வரத் தொடங்குகின்றன. இவ்விரண்டும் ஒரே மண்ணில் நிகழ்வது தற்செயலன்று. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருப்பதால் தென்மேற்குப் பருவமழை இங்கே பெரிதும் எட்டுவதில்லை. அந்த வறண்ட காற்றே, 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் கற்றுவந்த தீப்பெட்டித் தொழில் இங்கு வேரூன்றவும், பின்னர் பட்டாசுத் தொழில் பெருகவும் துணைநின்றது. மரம் அடராமல், கம்பும் சோளமும் பருத்தியும் விளையும் மானாவாரி நிலமாகவும் இடையிடையே புல் மண்டிய தரிசாகவும் இப்பகுதி நீடித்ததற்கும், திறந்த வெளியில் மட்டுமே இரை தேடும் இப்பறவைகள் பனிக்காலத்தை இங்கே கழிப்பதற்கும் அதே வறட்சிதான் காரணம்.

பூனைப்பருந்து உயரத்தில் வட்டமிடும் பறவையன்று. இறக்கைகளைச் சற்றே மேல்நோக்கி உயர்த்தியபடி, பயிர்த் தலைகளுக்கு மேலே ஓரிரு மீட்டர் உயரத்தில் மெல்ல மிதந்து சென்று, பயிருக்குள் அசைவு தெரிந்ததும் சட்டெனத் திரும்பிக் கால்களை நீட்டி விழும். மான்டேகு பூனைப்பருந்தின் ஆண் சாம்பல் நிறமானது, இறக்கையின் மேற்புறத்தில் கரும்பட்டை ஒன்று ஓடும். வெளிர் பூனைப்பருந்தின் ஆண் அதைவிட வெளுத்து, இறக்கை நுனியில் மட்டும் கறுத்திருக்கும். இரு இனங்களின் பெண் பறவைகளும் பழுப்பாக, வாலடியில் வெள்ளைத் திட்டுடன் இருப்பதால், தேர்ந்தவர்கள்கூடத் தொலைவில் அவற்றைப் பிரித்தறியத் தடுமாறுவர். மூன்றாவதான சேற்றுப் பூனைப்பருந்து உருவில் பெரியது. கண்மாய்க் கோரைகளை அண்டி வாழ்வது.

வலசை போகும் இரைகொல்லிப் பறவைகளை எண்ணும் வழக்கம் உலகின் பல இடங்களில் உண்டு. வெயிலில் சூடேறி எழும் காற்றைப் பற்றி உயர்ந்து, பின் சறுக்கிச் செல்லும் கழுகுகளும் அகன்ற இறக்கைப் பருந்துகளும் பரந்த கடலைத் தவிர்த்து மலையோரங்களிலும் குறுகிய நிலப்பாதைகளிலும் நெருங்கிச் செல்வதால், ஓரிடத்தில் நின்றே அவற்றை எண்ணிவிட முடிகிறது. கருங்கடலுக்கும் காக்கசஸ் மலைக்கும் இடைப்பட்ட ஜார்ஜியாவின் பட்டூமியில் ஓர் இலையுதிர் காலத்தில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பறவைகள் கணக்கில் ஏறுகின்றன. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், வேட்டைக்காரர்கள் பருந்துகளைச் சுட்டுக் குவித்த ஒரு மலையை ரோசலி எட்ஜ் 1934-இல் குத்தகைக்கு எடுத்துச் சரணாலயமாக்கினார். ஹாக் மவுண்டன் எனப்படும் அங்கே எடுக்கப்பட்ட கணக்கில், 1930-களின் பிற்பகுதியில் 100-க்கு 40 ஆக இருந்த இளம் வெண்தலைக் கழுகுகளின் பங்கு 1950-களின் பிற்பகுதியில் 20 ஆகக் குறைந்திருந்தது. டிடிடி பூச்சிக்கொல்லியின் கேட்டை விளக்கிய ரேச்சல் கார்சன் தம் 1962-ஆம் ஆண்டு நூலில் இந்த எண்களையே சான்றாக வைத்தார். மொத்தத் தொகையைவிட, வயது பிரித்து எழுதியதே அங்கு உண்மையை வெளிக்கொணர்ந்தது என்பது கவனிக்கத்தக்கது.

பூனைப்பருந்துகளிடம் இந்த முறை அவ்வளவாகப் பலிப்பதில்லை. அவை இறக்கையடித்தும் பறக்க வல்லவை. ஆதலால் குறுகிய பாதைக்குக் கட்டுப்படாமல் அகன்ற முகப்பில் பரவி வருகின்றன, வந்த பின்னும் பகல் முழுவதும் பல கிலோமீட்டர் பரப்பில் சிதறித் திரிகின்றன. ஆனால் இரவில் அவை மரத்தில் அடைவதில்லை. பல திசைகளிலிருந்தும் வந்து, ஒரே புல்வெளியில், தரையில், புற்களுக்கிடையே கூட்டமாகத் தங்குகின்றன. அதனால் இங்கே எண்ண வேண்டியது வானத்தையன்று, அடையும் இடத்தை.

சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே எண்ணுவோர் புல்வெளியைச் சுற்றிப் பிரிந்து நின்று, ஆளுக்கொரு திசையைப் பொறுப்பேற்கின்றனர். பறவைகள் வந்தவுடன் புல்லுக்குள் இறங்குவதில்லை. பக்கத்து உழவு நிலத்தில் அமர்ந்து இறகு கோதுகின்றன, மீண்டும் எழுந்து தாழ்வாகச் சுற்றுகின்றன, ஒன்று அமர்ந்த இடத்தை இன்னொன்று பிடித்துக்கொள்கிறது. ஒரே பறவை இருமுறை எண்ணப்படும் இடர் இங்குதான் மிகுதி; எனவே வந்த நேரம், திசை, இனம், ஆணா பெண்ணா இளையதா என்பவற்றைக் குறித்துக்கொண்டு, இருட்டிய பின் எல்லோரும் கூடி ஒப்பிடுகின்றனர். இனம் உறுதியாகாதவற்றை ஊகித்து எழுதாமல் தனியே வைப்பதே நேர்மையான கணக்கு. இரவில் புல்லுக்குள் கால் வைக்கக் கூடாது. கலைந்த கூட்டம் வேறிடம் தேடிப் போய்விடலாம்.

பறவைகள் பறந்துபோன பின் பகலில் அங்கே கிடைப்பது, செரிக்காதவற்றை அவை உருட்டிக் கக்கிய சிறு கவளங்கள். காய்ந்த ஒன்றை நீரில் ஊறவைத்துப் பிரித்தால், வெட்டுக்கிளியின் முள் வரிசை கொண்ட பின்னங்கால்களும் தாடைகளும் குவியலாகத் தெரியும். சில வேளை எலி மயிரும் சிறு குருவியின் இறகும் இருக்கும். பயிரைத் தின்னும் பூச்சியை இவ்வளவு தின்று தீர்க்கும் விருந்தாளிக்குக் கரிசல் உழவர் கடன்பட்டவரே.

பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஏட்ரீ ஆய்வு நிறுவனத்தின் கணேஷ், பிரசாந்த் இருவரும் இந்தியாவெங்கும் எடுக்கப்பட்ட இத்தகைய கணக்குகளைத் திரட்டி 2018-இல் 'ஆர்டியா' என்னும் பறவையியல் இதழில் வெளியிட்டனர். 30 ஆண்டுகளில் இங்கு வந்து தங்கும் பூனைப்பருந்துகள் குறைந்துவருவதை அது காட்டியது. உலகின் மிகப் பெரிய பூனைப்பருந்து அடைவிடங்களுள் ஒன்று குஜராத்தின் வேளாவதர் தேசியப் பூங்காவில் இருக்கிறது. அது காவலுள்ள இடம். கரிசல் நாட்டிலோ புல்வெளி என்பது பெரும்பாலும் வருவாய்ப் பதிவேட்டில் வெறும் தரிசு. சீமைக் கருவேலம் படர்ந்தாலும், தொழிற்கூடம் எழுந்தாலும் இழப்பாக எவரும் எழுதுவதில்லை. அருப்புக்கோட்டைக்குத் தென்கிழக்கே, இராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதியில் 2016-இல் திறக்கப்பட்ட 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் சுமார் 2,500 ஏக்கரில் அமைந்தது. சூரிய மின்சாரம் தேவையற்றது என்று எவரும் வாதிட முடியாது. ஆனால் அடுத்த நிலையத்துக்கு நிலம் ஒதுக்கும் அலுவலரின் மேசையில், எந்தத் தரிசில் எந்த மாதம் எத்தனை பறவைகள் அடைந்தன என்ற பல்லாண்டுக் குறிப்பு இருந்தால், அந்த நிலத்தை விட்டு வேறு நிலத்தைத் தேர்ந்தெடுக்க அவருக்கு ஒரு காரணம் கிடைக்கும்.