பேனா எத்தனை பேர் கையில்?

மென்பொருள் கட்டுமானம் – 17

சென்ற வாரம் தரவுத்தளங்களைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார். உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்றுக்காக அவரும் மூன்று நண்பர்களும் மஞ்சள் கொள்முதல் செயலி செய்துகொண்டிருக்கிறார்கள். வயலில் அறுத்த கிழங்கு ஏற்றுமதிக்குப் போகும்வரை ஒவ்வொரு மூட்டையின் வழித்தடமும் அதில் பதிவாக வேண்டும். “பிளாக்செயின் இருந்தால்தான் வெளிநாட்டு வியாபாரி நம்புவார் என்கிறார்கள். அதை எங்கள் செயலியில் எந்த இடத்தில் வைப்பது?” என்று கேட்கிறார்.

எந்த இடத்தில் என்று கேட்டாரே, அது எனக்குப் பிடித்திருந்தது. பலரும் எந்த பிளாக்செயின், எந்த கம்பெனி என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். இடத்தை முடிவு செய்யாமல் பொருளை வாங்கினால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய சான்று சிட்னியில் இருக்கிறது.

ஆஸ்திரேலியப் பங்குச் சந்தையில் வாங்கியவர், விற்றவர் கணக்கைத் தீர்த்துவைக்கும் மென்பொருளின் பெயர் செஸ். கோபால் (COBOL) என்ற நிரல்மொழியில் எழுதப்பட்டு 1994-லிருந்து ஓடிக்கொண்டிருப்பது. அதற்குப் பதிலாக பிளாக்செயின் வகைப் பேரேட்டின் மேல் புதிதாக ஒன்றைக் கட்டப்போவதாக 2017 டிசம்பரில் சந்தை நிர்வாகம் அறிவித்தது. இவ்வளவு பெரிய சந்தையே இறங்குகிறதே என்று உலகம் திரும்பிப் பார்த்தது. தொடங்கும் தேதி தள்ளிப்போனது, மறுபடியும் தள்ளிப்போனது. கடைசியில் 2022 நவம்பர் 17 அன்று வேலையை நிறுத்தினார்கள். 245 முதல் 255 மில்லியன் ஆஸ்திரேலிய டாலர் வரை நஷ்டக் கணக்கில் எழுதப்பட்டது. அன்றைய மதிப்பில் 1,300 கோடி ரூபாய்க்கு மேல். வெளியிலிருந்து வந்து ஆராய்ந்த அக்சென்சர் நிறுவனம் சொன்ன குறைகளில் இரண்டு முக்கியமானவை: பேரேட்டில் ஏற்படும் தாமதம்; ஒரே நேரத்தில் வரும் பல பரிவர்த்தனைகள் ஒன்றோடொன்று மோதிக்கொள்வது. ஓராண்டு கழித்து அந்த வேலை நம் டிசிஎஸ் நிறுவனத்திடம் வந்தது. இந்த முறை பிளாக்செயின் இல்லை.

அங்கே வேலை செய்தவர்கள் திறமைசாலிகள்தான். ஆனால் அந்தக் கணக்கை எழுதும் பேனா சந்தை நிர்வாகத்திடம் மட்டுமே இருந்தது. தரகர்கள் எல்லோரும் ஏற்கெனவே அதை நம்பி, சட்டப்படி அதன் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவர்கள். பேனா ஒரே கையில் இருக்கும்போது, பலர் கூடி ஒப்புக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு அங்கே என்ன வேலை? அந்த ஏற்பாட்டின் செலவு மட்டும்தான் மிஞ்சும்.

பிளாக்செயின் செய்வது ஒரே ஒரு காரியம். ஒருவரை ஒருவர் முழுதாக நம்பாத பலர், நடுவில் ஒரு பெரியவரை வைக்காமல், ஒரே கணக்கைச் சேர்ந்து எழுத வழி செய்கிறது. எழுதியதை யாரும் ஓசைப்படாமல் திருத்த முடியாது. இதற்கு விலை உண்டு. எல்லோரும் நகல் வைத்திருக்க வேண்டும். எழுதும் ஒவ்வொரு முறையும் ஒப்புதல் வாங்க வேண்டும். பிட்காயினில் சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு பரிவர்த்தனைத் தொகுதிதான் சேர்கிறது. விநாடிக்கு ஏழு பரிவர்த்தனை போல. தெரிந்தவர்கள் மட்டும் சேர்ந்து நடத்தும் தனிப் பேரேடுகள் இதைவிட வேகமானவை. ஆனாலும் ஒற்றைத் தரவுத்தளத்தின் எளிமை அவற்றில் கிடைக்காது.

கோயில் உண்டியலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட பூட்டு, சாவிகள் வெவ்வேறு கையில். எல்லோரும் வந்தால்தான் திறக்கும். எண்ணுவதும் பலர் பார்க்கத்தான். திறப்பவர்களே ஒருவர்மேல் ஒருவர் கண் வைக்க வேண்டிய இடம் என்பதால் அவ்வளவு சிரமம் அங்கே தகும். அதே பூட்டுகளை மடப்பள்ளிக் கதவுக்கும் போட்டால் உச்சிக்காலத்துக்கு நைவேத்தியம் வராது. ஒரு செயலியை வடிவமைப்பவர் முதலில் செய்ய வேண்டியது, தன் கட்டடத்தில் உண்டியல் எது, மடப்பள்ளி எது என்று பிரிப்பதுதான்.

சரியாகப் பிரித்த இடம் ஒன்று நம் எல்லோர் சட்டைப்பையிலும் இருக்கிறது. வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்தியில் அனுப்புநர் பெயர் இரண்டு எழுத்து, ஒரு கோடு, பிறகு ஆறு எழுத்து என்று தொடங்குகிறதல்லவா? அந்தப் பெயரை ஹெடர் என்பார்கள். 2018-ல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்த விதிகளின்படி, வணிகக் குறுஞ்செய்தி அனுப்புகிற எவரும் தன் ஹெடரையும் செய்தியின் டெம்ப்ளேட்டையும் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் நடத்தும் பகிர்வுப் பேரேட்டில் பதிய வேண்டும். கடை வைத்திருப்பவர்கள் “டிஎல்டி ரிஜிஸ்ட்ரேஷன்” என்று சொல்வது இதைத்தான். ஏர்டெல், ஜியோ, வோடஃபோன் ஐடியா, பிஎஸ்என்எல் எல்லோரும் போட்டியாளர்கள். ஒருவரிடம் பதிந்த ஹெடரை இன்னொருவரும் ஏற்க வேண்டும். ஆனால் பதிவேட்டை ஒருவரிடமே ஒப்படைக்க மற்றவர்களுக்கு மனம் வராது. பேனா பலர் கையில், நம்பிக்கை குறைவு, கணக்கு ஒன்று. பிளாக்செயினுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது கடினம். பேரேட்டின் மையத்தில் இருப்பதும் யார், எந்தப் பெயரில், எந்த வாசகத்தை அனுப்பலாம் என்ற பதிவுகளே.

அங்கேயும் ஒரு பாடம் கிடைத்தது. 2021 மார்ச் 8 அன்று டெம்ப்ளேட் சரிபார்ப்பைக் கண்டிப்பாக்கியதும், பொருந்தாத செய்திகள் எல்லாம் வழியிலேயே நிறுத்தப்பட்டன. ஓடிபி வராமல் நாடெங்கும் பணப் பரிமாற்றம் தடுமாறியது. சரிபார்ப்பை ஏழு நாள் நிறுத்திவைக்க டிராய் உத்தரவிட நேர்ந்தது. நல்ல பூட்டானாலும், நிமிடத்துக்கு ஆயிரம் பேர் நுழையும் வாசலில் மாட்டுகிறோமா என்று பார்த்துத்தான் மாட்ட வேண்டும்.

பலர் இருந்தும் கணக்குக் கூடாமல் போவதும் உண்டு. கப்பல் சரக்கு ஆவணங்களுக்காக மேர்ஸ்க் கப்பல் நிறுவனமும் ஐபிஎம்மும் நடத்திய டிரேட்லென்ஸ் என்ற பிளாக்செயின் தளம், சிட்னியில் வேலை நின்ற அதே 2022 நவம்பரில் மூடப்படும் என்று அறிவிக்கப்பட்டது. துறை முழுவதும் ஒத்துழைக்கவில்லை என்பது அவர்களே சொன்ன காரணம். போட்டியாளர் ஒருவரின் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து கணக்கெழுத எத்தனை பேர் சம்மதிப்பார்கள்?

இனி மஞ்சளுக்கு வருவோம். கடிதத்தின்படி, எடை போடுவது, ரகம் பிரிப்பது, விவசாயிக்குப் பணம் கொடுப்பது எல்லாம் உழவர் நிறுவனமே செய்கிறது. ஆய்வகம் மஞ்சளில் உள்ள குர்குமின் அளவை ஒரு பிடிஎஃப் கோப்பாக அனுப்புகிறது. ஏற்றுமதியாளர் மின்னஞ்சலில் ஆர்டர் தருகிறார். ஆக, இன்றைய நிலையில் எழுதும் கை ஒன்றுதான். கொள்முதல் திரைக்குப் பின்னால் போஸ்ட்கிரஸ் போன்ற சாதாரணத் தரவுத்தளம் தாராளமாகப் போதும்.

ஆனால் வெளிநாட்டு வியாபாரியின் சந்தேகம் நியாயமானது. “ஆய்வு முடிவைப் பின்னாளில் மாற்றவில்லை என்பதற்கு என்ன அத்தாட்சி?” என்று அவர் கேட்பார். பிட்காயினுக்குப் பல ஆண்டுகள் முன்பே இந்தக் கேள்விக்கு விடை சொல்லிவிட்டார்கள். ஸ்டூவர்ட் ஹேபர், ஸ்காட் ஸ்டோர்னெட்டா என்ற இருவர் 1991-ல், டிஜிட்டல் ஆவணங்களின் ஹாஷ்களைச் சங்கிலியாகக் கோத்து, எந்த ஆவணம் எப்போது இருந்தது என்று நிறுவும் முறையை வெளியிட்டார்கள். ஹாஷ் என்பது ஆவணத்தின் கைரேகை. ஒரு புள்ளி மாறினாலும் அது வேறாகிவிடும். 1995-லிருந்து அவர்களுடைய நிறுவனம் வாரம் ஒரு ஹாஷை நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் சிறு விளம்பரமாக அச்சிட்டது. அச்சாகி வீடு வீடாகப் போய்ச் சேர்ந்த தாளை யார் திருத்துவது?

உங்கள் செயலியிலும் இதையே செய்யலாம். இரவு பன்னிரண்டு மணிக்கு அன்றைய பதிவுகள் எல்லாவற்றின் ஹாஷ்களையும் இரண்டிரண்டாகச் சேர்த்துக்கொண்டே போனால் கடைசியில் ஒரே ஒரு ஹாஷ் மிஞ்சும். இந்த அமைப்புக்கு மெர்க்கில் மரம் என்று பெயர். ஒரு லட்சம் பதிவுகள் இருந்தாலும், அவற்றில் ஒன்று உண்மையாகவே அன்று இருந்ததா என்று காட்ட 17 ஹாஷ்கள் போதும். உச்சியில் மிஞ்சும் அந்த ஒன்றை மட்டும் பொது பிளாக்செயினில் பதியுங்கள். இதுதான் நீங்கள் கேட்ட இடம்: செயலியின் ஓரத்தில், தனி சேவையாக, கொள்முதல் திரை அதற்காக ஒரு விநாடிகூடக் காத்திராதபடி. அது மூன்று நாள் வேலை செய்யாவிட்டாலும் களத்தில் தராசு நிற்கக் கூடாது.

விவசாயியின் பெயர், கைபேசி எண், வங்கிக் கணக்கு எதையும் பிளாக்செயினுக்குள் போட வேண்டாம். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023, தன் விவரத்தை அழிக்கக் கேட்கும் உரிமையை ஒவ்வொருவருக்கும் தந்திருக்கிறது. அழிக்கவே முடியாத இடத்தில் எழுதிவிட்டு அவருக்கு என்ன பதில் சொல்வீர்கள்? ஹாஷ் ஆக்கிவிட்டோம், பாதுகாப்புதான் என்று சிலர் சொல்வார்கள், நம்பாதீர்கள். நம் கைபேசி எண்கள் 6 முதல் 9 வரையிலான இலக்கத்தில் தொடங்கும் பத்து இலக்கம். மொத்தம் 400 கோடிதான் சாத்தியம். அத்தனைக்கும் ஹாஷ் போட்டுப் பார்த்து எண்ணைக் கண்டுபிடித்துவிட இன்றைய கணினி ஒன்றுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. தனிநபர் விவரம் உள்ள பதிவுக்கு ஹாஷ் எடுக்கும்போது, ஊகிக்க முடியாத ஒரு நீண்ட எண்ணையும் சேர்த்தே எடுங்கள். அந்த எண் உங்கள் தரவுத்தளத்தில் மட்டும் இருக்கட்டும்.

இன்னொன்றையும் வியாபாரியிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். எழுதியது மாறவில்லை என்பதற்குத்தான் பிளாக்செயின் சாட்சி. எழுதியது உண்மையா என்பது அதற்குத் தெரியாது. ஈரோடு மஞ்சளுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு ஊர் மஞ்சளைக் கொட்டிய மூட்டையில் ஈரோட்டு கியூஆர் சீட்டை ஒட்டிவிட்டால், அந்தப் பொய்யும் அழியாமல் அப்படியே நிற்கும். அதைத் தடுக்க மூட்டையைக் களத்திலேயே தைத்து முத்திரையிடும் ஆளும், திடீர் சோதனையும், நேர்மையான ஆய்வகமும்தான் வேண்டும். உங்கள் பணத்தில் பெரும்பகுதியை அங்கே செலவிடுங்கள்.

ஈரோட்டு நண்பரே, அடுத்த வரி நிரல் எழுதுவதற்கு முன்னால் ஆய்வகத்தாரையும் ஏற்றுமதியாளரையும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தாரையும் ஒரு நாள் சேர்த்து உட்கார வையுங்கள். ஐந்து ஆண்டுக்குச் சொந்தச் செலவில் சர்வர் வைத்து, தங்கள் கணக்கைத் தாங்களே எழுத எத்தனை பேர் தயார் என்று கேளுங்கள். இரண்டு பேராவது கை தூக்கினால் பகிர்வுப் பேரேடு ஒன்றைப் பற்றிப் பேசத் தொடங்கலாம், எனக்கும் எழுதுங்கள். யாரும் தூக்காவிட்டால் தரவுத்தளமும் இரவு பன்னிரண்டு மணி ஹாஷும் போதும். அறுவடை தை மாதம் தொடங்கிவிடும். அதற்குள் தராசுப் பகுதியை முடித்துவிடுங்கள்.

(தொடரும்)